கோடும் சுவரும்

எமது கல்லூரி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியே எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தற்கு முதற்கண் மன்னிப்பு வேண்டுகின்றோம். யாம் எழுதப் புகுவது, நாற்பத்தைந்து வயதின் மேல், எம்மிடம் கற்ற மாணவன் ஒருவனிடமே யாம் மாணவராக அமர்ந்த கதை.

எம் தந்தையார் படவரைஞர். 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில், அவரது வரைபலகையருகே ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதே எமக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். சீமெந்து தடைசெய்யப்பட்டிருந்தமையால் வீடு கட்டுவார் அரியராயினர். ஆயினும், சண்டை முடியக் கட்டுவோமென்று வரைபடம் எழுதுவித்து, அதனைச் சுருட்டிப் பெட்டகத்தில் வைத்தோர் பலர். வெட்டுண்டு தோன்றும் சுவருக்கு 0.7 மில்லிமீற்றர்ப் பேனா. அப்பால் தெரியும் விளிம்புக்கு 0.25. பிழைத்த கோட்டைச் சவர அலகால் சுரண்டி, நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, அதன்மேல் மீண்டும் மையிடல் வேண்டும். இருமுறைக்கு மேற் சுரண்டினால் தாள் ஓட்டையாகும். ஆகையால் தந்தையார் கோடு போடுமுன் நெடுநேரம் சும்மா இருப்பார். அவர் உறங்குகின்றாரோ என்று யாம் ஐயுற்றதுமுண்டு.

2002 இல் பாதை திறந்தது. சீமெந்து வந்தது, கணினி வகுப்புகளும் வந்தன. அமெரிக்காவில் 1982 இல் வெளியான ஓட்டோகாட் என்னும் மென்பொருளை, ஆசிரியப் பயிற்சிக்குப் புகுமுன் யாமும் கற்றுக்கொண்டோம். உண்மையில் அதுவும் ஒரு வரைபலகையே. சுரண்ட வேண்டியதில்லை என்பதே பெரும் வேற்றுமை. தந்தையாரின் மூலைமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அதனைக் கையிலெடுக்க எமக்கு இரு வாரங்களே சென்றன. பின்னர் வார நாள்களில் இலக்கணமும் விடுமுறை நாள்களில் உற்றார் உறவினருக்கு வீட்டு வரைபடமுமாகக் காலம் கழிந்தது.

இனிச் சொல்லவிருப்பது சொல்ல விரும்பாத செய்தி. 2015 இல் எம் தங்கை மேல்மாடி வைத்து வீடு கட்டினாள். வரைபடம் எம்முடையது. கீழ்த்தளத்திற்கு 10 அடி உயரம். படிக்கு 6 அங்குலமாக 20 படி. வேலை தொடங்குந் தறுவாயில் மைத்துனர் உயரத்தை 11 அடியாக்கக் கேட்டார். வெட்டுமுகப் படத்தில் அதனைத் திருத்தினோம். தளப்படத்திலிருந்த படிக்கட்டைத் திருத்த மறந்தோம். கணினியில் அவ்விரண்டும் வெவ்வேறு கோட்டுக் கூட்டங்கள். ஒன்று மாறியதை மற்றையது அறியாது. மேல்தளம் கொங்கிறீற்று இட்டபின்னர் மேசன் வந்து, "மாஸ்டர், ரெண்டு படி காணாது" என்றார். பரீட்சை விடைத்தாள்களின் நடுவே இருந்த யாம், "மேலே ரெண்டைக் கூட்டிக் கட்டுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவ்விரு படிகளும் 4 அடி அகலமான மேல்நடையில் 20 அங்குலத்தை விழுங்கின. படுக்கையறைக் கதவைத் திறந்தால் காலடியிற் படி. அவ்வறையில் இருப்பவர் எம் அன்னையார். ஒரு விடியற்காலை அவர் கால் தவறிக் கைபிடியைப் பற்றித் தொங்கினார். தெய்வாதீனமாய் மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. தங்கை எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை; அது எமக்கு மிகவும் வருத்தமாயிருந்தது.

இனி அம்மாணவனிடம் வருவோம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயில்பவன். விடுமுறையில் வந்தவன், 2000 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ரெவிற் என்னும் மென்பொருளை எம் மடிக்கணினியில் நிறுவித் தந்தான். பழக்கத்தின்படி இரு சமாந்தரக் கோடுகளை வரைந்து, சுவர் முடிந்ததென நிமிர்ந்தோம். கதவு வைக்க முயன்றோம். கதவு அமர மறுத்தது. மூன்று நாள் இவ்வாறு முட்டினோம். கணினியைத் திட்டினோம், அவனையுஞ் சற்றே கடிந்துகொண்டோம். நாலாம் நாள் அவன் மெல்ல, "சேர், நீங்கள் கீறினது கோடு. இது சுவர் கேக்குது" என்றான்.

இடைச்சொல் தனித்து இயங்காது. பெயரையும் வினையையும் சார்ந்தே வரும் என்று ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கின்றோம். ரெவிற்றில் கதவும் அத்தகையது. சுவரைச் சார்ந்தே நிற்கும்; சுவரை அழித்தால் தானும் அழியும். சுவரோ எத்தளத்தில் எழுந்து எத்தளத்தில் முடிவது, எவ்வளவு தடிப்பு, எவற்றால் ஆனது என்பவற்றைத் தன்னகத்தே கொண்டது. தளப்படமும் வெட்டுமுகமும் தனித்தனியே வரையப்படுவன அல்ல. ஒரே கட்டடத்தை வெவ்வேறிடத்து நின்று நோக்கும் நோக்குகளே. ஓட்டோகாட்டில் இருபது ஆண்டு பழகிய கைக்கு இது எளிதில் ஏறவில்லை. இன்றும் அவசரத்தில் கை கோட்டையே தேடுகின்றது.

குறையும் உண்டு. சுவருக்கு நிறமேற்றி, நிழலிட்டு, அது காட்டும் அழகிய படத்தைக் கண்டோர், யன்னல் அடி எவ்வளவு உயரமென்று கேட்பதை மறந்துவிடுகின்றனர். வாடைக்காற்றில் எந்த விறாந்தைக்குத் தூவானம் அடிக்குமென்பதும், சோளகத்தில் குசினிப் புகை எவ்வறைக்குச் செல்லுமென்பதும் நாமே அறிந்து வைத்தாலன்றி அதிலே தோன்றா. எம் தந்தையார் கோடு போடுமுன் சும்மா இருந்த நேரத்தில் இவற்றைத்தான் எண்ணியிருப்பார்போலும்.

ஓரளவு கைவந்ததும், ஒருவருக்கும் சொல்லாமல், தங்கை வீட்டை அதிலே கட்டினோம். 10 அடி, 20 படி, எல்லாம் பொருந்தின. பின் மேல்தளத்தை 11 அடிக்கு உயர்த்தினோம். உடனே திரையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது: படிக்கட்டின் மேல்முனை மேல்தளத்தை எட்டவில்லை என்பது அதன் பொருள். மேசன் சொன்ன அதே வார்த்தைதான். இம்முறை எமக்கு முன்னே விடைத்தாள்கள் இருக்கவில்லை. எழுந்து முற்றத்திற் சிறிது நேரம் உலாவினோம்.

மறுநாள் மாணவனும் யாமும் அளவுநாடா கொண்டு சென்று அம்மேல்நடையை அளந்தோம். படிக்கட்டை இடித்துக் கட்டுவது எம்மனோர்க்கு இயலாத செலவு. கதவை 3 அடி அப்பால் நகர்த்தினால் அன்னையார் கதவைத் திறந்து சமதரையிற் கால் வைக்கலாம் என்று கண்டோம். கணினியில் அக்கதவைப் பற்றி இழுத்தோம். பழைய இடத்துச் சுவர் தானே மூடிக்கொண்டது. வெட்டுமுகமும் கதவு அட்டவணையும் அக்கணமே திருந்தின. தங்கை பின்னால் நின்று பார்த்து, "அண்ணை, இது அப்பவே இருந்திருந்தால்?" என்றாள். இருந்ததென்ற உண்மையை யாம் அவளுக்குச் சொன்னோம். யாம் கற்கவில்லை என்பதையும் சொன்னோம்.

வீட்டுச் சுவரில் பழைய வாயிலை அடைக்கக் கல்லும் சீமெந்தும் இரண்டு நாட் கூலியும் வேண்டுமென மேசன் கணக்கிட்டார். நிலையைப் பழுதின்றிக் கழற்றித் தருவதாக ஓடாவியார் ஒப்புக்கொண்டார். கார்த்திகை மழை விட்டபின் இருவரும் வருவர்.