பத்தொன்பது பேர்

கிளப் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் ஊரில் சீட்டாட்டமும் மதுவும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே, 2024 ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, இலண்டனில் மதுக்கூடத்தோடு இணைந்த இசைக்கூடமொன்றில் மூன்று மணி நேரம் நின்றிருந்தோம் என்று எழுதும்போது வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும்.

கோடை விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாகத் தென் இலண்டன் பங்கொன்றில் ஒரு மாதம் பணியாற்றச் சென்றிருந்தோம். அங்கு ஞாயிறு திருப்பலிக்கு ஆர்கன் வாசிக்கும் இளைஞர், ஓய்வு நேரத்தில் ஒரு குழுவில் பேஸ் கித்தார் வாசிப்பவர். "செவ்வாய் இரவு எங்கள் குழு வாசிக்கிறது, ஃபாதர். வந்து கேளுங்களேன்" என்று அழைத்தார். மரியாதைக்காக அழைக்கிறார் என்று எண்ணி, நாமும் மரியாதைக்காகவே வருவதாகச் சொன்னோம். குருத்துவ உடையின்றிச் சாதாரணச் சட்டையில் போனோம்.

பிரிக்ஸ்டன் பகுதியிலுள்ள விண்ட்மில் என்னும் அந்த இடத்திற்கு, அருகில் இருக்கும் பழைய காற்றாலையால் வந்த பெயர் அது. 1816-இல் கட்டப்பட்ட ஆலை இன்றும் நிற்கிறது. இசைக்கூடமோ வெளியிலிருந்து பார்த்தால் குடியிருப்புகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் எளிய கட்டடம். ஒரு காலத்தில் அதன் கூரைமேல் ஒரு நாய் காவலிருந்து புகழ்பெற்றதாம்! உள்ளே 150 பேர் நிற்கலாம். வாசலில் 7 பவுண்டு வாங்கிக்கொண்டு நம் மணிக்கட்டின் உட்புறம் கறுப்பு மையில் ஒரு முத்திரை குத்தினார்கள்.

இங்கு வாசிப்பவர்களை 'இண்டி' குழுக்கள் என்கிறார்கள். சுயேச்சையானது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் இது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் தயவில்லாமல் தாமே பாடிப் பதிந்து வெளியிடுவோர் என்பது அதன் முதற்பொருள். 1977 சனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழுவினர், உற்றார் நண்பரிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கே பாடல்கள் கொண்ட இசைத்தட்டொன்றைத் தாமே வெளியிட்டார்கள். அதைக் கண்டு ஊர்தோறும் இளைஞர்கள் துணிந்தார்கள். 1980-இல் இத்தகைய வெளியீடுகளுக்கென்றே தனி விற்பனைப் பட்டியல் தோன்றியது. பின்னர் அச்சொல் ஓர் இசைப் பாணியின் பெயராகவும் மாறிவிட்டது. இன்று பெரும் நிறுவனங்களும் அதைக் கூசாமல் பயன்படுத்துகின்றன. சொற்களுக்கு நேரும் கதி அது. நிற்க.

அன்று மூன்று குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். நம் ஆர்கன் இளைஞரின் குழு இரண்டாவது. ஞாயிறன்று அவ்வளவு அடக்கமாக வாசிப்பவரா இவர் என்று வியந்தோம். உண்மையைச் சொன்னால், இசையில் பாதி நமக்கு இரைச்சலாகவே பட்டது. பாடலின் சொற்கள் ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் தந்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்ட பிறகே தாளம் விளங்கத் தொடங்கியது.

மூன்றாவதாக வந்தவர்கள் நால்வர். லீட்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேனில் வந்திருந்தார்கள். அவர்கள் மேடையேறியபோது, பழக்கத்தின் காரணமாக நம் கண்கள் தலைகளை எண்ணின. பங்குக் குருக்கள் அனைவருக்கும் இந்த நோய் உண்டு. ஒலியமைப்பைக் கவனித்தவரையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். அவர்களுள் எட்டுப் பேர் முன்னர் வாசித்து முடித்த குழுவினர். இவர்கள் பாதியாகச் சுருக்கி முடித்துவிடுவார்கள் என்று எண்ணினோம்.

சுருக்கவில்லை. இரண்டாம் பாடலின் நடுவில் கித்தாரின் தந்தி ஒன்று அறுந்தது. முன் குழுவிலிருந்த ஒருவர் சொல்லாமலே தம் கித்தாரை எடுத்து நீட்டினார். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. பாடலை மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தார்கள். டிரம்ஸ் வாசித்த பெண்ணின் முகத்திலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. வெற்றுத் தரையே மிகுதியாகத் தெரிந்த அந்தக் கூடத்தில், கடைசி வரிசை என்று ஒன்று இருந்தால் அதற்கும் எட்ட வேண்டும் என்பதுபோலப் பாடினார்கள்.

இத்தகைய கூடங்களின் பொருளாதாரம் இரங்கத்தக்கது. இவற்றின் நலனுக்காக 2014-இல் தொடங்கப்பட்ட மியூசிக் வென்யூ டிரஸ்டின் கணக்குப்படி, 2023-இல் மட்டும் பிரிட்டனில் இப்படிப்பட்ட 125 இடங்களில் இசை நின்றுபோனது. எஞ்சியவற்றின் சராசரி இலாபம் நூற்றுக்கு அரைப் பங்கு. நூற்றுக்கு 38 கூடங்கள் நட்டத்தில் நடந்தன. பெரிய அரங்குகளின் நுழைவுச்சீட்டிலிருந்து சிறு தொகையை எடுத்து இவற்றுக்குத் தரவேண்டும் என்று 2024 மே மாதத்தில் பாராளுமன்றக் குழுவொன்று பரிந்துரைத்தது. கோல்ட்பிளே குழுவினர், 2025-இல் வெம்பிளியிலும் ஹல் நகரிலும் நடக்கவிருந்த தங்கள் நிகழ்ச்சிகளின் வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக அறிவித்தார்கள். தசமபாகம் கோவிலில் மறைந்து இசையரங்கில் உயிர்த்திருக்கிறது போலும்! விண்ட்மிலில் வாசித்துப் பழகிய பிளாக் மிடி குழுவின் முதல் இசைத்தொகுப்பு 2019 மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது என்பதும் உண்மையே. ஆனால் அங்கே வாசிக்கும் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் லீட்ஸ் குழுவினர் தாமே சுருள்களைச் சுற்றிப் பெட்டிகளைத் தூக்கினார்கள். சட்டைகளும் இசைத்தட்டுகளும் பரப்பிய சிறு மேசையருகே டிரம்ஸ் வாசித்த பெண் நின்றிருந்தார். இரவே ஊர் திரும்பவேண்டும், காலையில் மழலையர் பள்ளியில் வேலை என்றார். கிடைத்த பணம் எரிபொருளுக்குப் போதாது. "இவ்வளவு தூரம் வந்தும் கூட்டம் குறைவாயிற்றே" என்று ஆறுதலாகச் சொன்னோம். அவர் புரியாமல் நம்மைப் பார்த்தார். "பத்தொன்பது பேர் இருந்தார்களே! சென்ற முறை பதினொருவர்தான்" என்றார். அவரும் எண்ணியிருக்கிறார்.

அறைக்குத் திரும்பிய பின் உறக்கம் வரவில்லை. காதில் நின்ற ரீங்காரம் ஒரு காரணம். மற்றொன்று, நம் பங்கின் கிளைக்கோவில். ஒவ்வொரு புதன் மாலையும் அங்கே திருப்பலி நடப்பது வழக்கம். வருபவர்கள் ஏழெட்டு மூதாட்டியர். சில மாதங்களாக மறையுரையை விட்டோம். பிறகு மழை, கூட்டம், சாலை சரியில்லை என்று ஒவ்வொரு வாரமாக விட்டோம். தவக்காலத்துக்குப் பின் அங்கு புதன் திருப்பலியே இல்லை. "ஆள் வருவதில்லை" என்று உபதேசியாரிடம் காரணம் சொன்னோம். இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தைப் பற்றிய வசனத்திற்குக் குருமடத்தில் கிரேக்க மூலத்தோடு விளக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் நாம்.

மறுநாள் காலைத் திருப்பலியில் கைகளை உயர்த்தியபோது மணிக்கட்டில் அந்தக் கறுப்பு முத்திரை அழியாமல் இருந்தது. முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார் என்றே நினைக்கிறோம்.

ஊர் திரும்பிய முதல் புதனன்று கிளைக்கோவிலைத் திறந்து மணியடிக்கும்படி உபதேசியாரிடம் சொன்னோம். ஆறு பேர் வந்தார்கள். நடுவில் மின்சாரம் போயிற்று. மறையுரையை நிறுத்தாமல் பன்னிரண்டு நிமிடம் பேசினோம், ஒருவர் உறங்கினார். முடிந்து வெளியே வந்தபோது ஒரு பாட்டி, முக்காட்டைச் சரிசெய்தபடி, "இன்னைக்கு என்ன திருநாளுங்க சாமி?" என்று கேட்டார்.

"திருநாள் இல்லம்மா, புதன்கிழமை" என்றோம்.