பச்சை பிடிக்கும் மண்

நெல்லை வண்ணார்பேட்டை மேம்பாலத்தின் கீழே பேருந்துகள் திணறும் இடத்திலிருந்து தாமிரபரணி ஆற்றுப் பக்கமாக இறங்கினால் வெக்கை கொஞ்சம் அடங்கும். அங்கே ஒரு நாற்றுப் பண்ணையின் பின்கட்டில் பழைய தொட்டி மண் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. பட்டுப்போன ரோஜாவின் மண், காய்த்து ஓய்ந்த கத்தரியின் மண், வீடு மாறிப் போனவர்கள் விட்டுச் சென்ற தொட்டிகளின் மண். முன்புறம் செடி வாங்க வருகிறவர்கள் கண்ணில் இது படாது. முன்புறத்துச் செடிகள் நிற்பதெல்லாம் இந்தக் குவியலில் நடக்கும் வேலையை நம்பித்தான்.

சல்லடை, பண்ணையில் வேலை செய்யும் ஆச்சி ஒருவரின் கையில். கட்டிகளை மம்பட்டியால் தட்டி உடைப்பது ஓர் இளம்பெண். தார்ப்பாயில் தொட்டியைக் கவிழ்த்ததும் ஆச்சி முதலில் எடுத்துப் பார்ப்பது வேரை. கறுத்து வழுவழுத்திருந்தால் அழுகல். மணிமணியாக முடிச்சு விழுந்திருந்தால் நூற்புழு. "தக்காளி வச்ச மண்ணு, வெண்டை வச்ச மண்ணுல இது கெடக்கும் தம்பி. அதைத் தனியாப் போட்டுருவேன். மத்ததோட சேந்தா எல்லாமே கெட்டுப் போவும்" என்றார். விளிம்பில் வெள்ளை பூத்த தொட்டிகள் வேறு வகை. அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு. அந்த மண்ணை நல்ல தண்ணீர் விட்டுப் பலமுறை வடிக்கிறார்கள்.

நோய்ப்பட்ட மண்ணுக்கு வெயில்தான் மருந்து. நன்றாக நனைத்து, தரையில் சாண் உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் மண் அணைத்துவிடுகிறார்கள். கறுப்புத் தாள் உதவாது. வெளிச்சம் உள்ளே இறங்கினால்தான் ஈர மண் வேகும். இஸ்ரேலில் காட்டன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இந்த முறையைப் பற்றி 1976-இல் எழுதினார்கள். நெல்லையின் சித்திரை வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை கொடுக்க முடியாது. நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் அழுகல் பூசணமும் நூற்புழுவும் பெருமளவு மடிகின்றன.

ஆனால் வெயிலுக்கு நல்லது கெட்டது தெரியாது. நன்மை செய்யும் உயிர்களும் குறைந்துபோகும். அப்படி ஆளில்லாமல் கிடக்கும் மண்ணில் முதலில் குடியேறுவது எதுவோ அதன் ராஜ்ஜியம்தான். அதனால்தான் தாளை எடுத்த கையோடு ட்ரைக்கோடெர்மா விரிடியைச் சேர்த்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி அவசரப்படுகிறார். பண்ணையில் நெடுங்காலம் இருப்பவர், கலவை அவர் பொறுப்பு. ட்ரைக்கோடெர்மா பூசணத்தைத் தின்னும் பூசணம். எதிரியின் இழையைச் சுற்றிப் பின்னி, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும். நாற்றழுகலுக்குக் காரணமான ரைசோக்டோனியாவை இது இப்படி மடக்குவதை வெயிண்ட்லிங் என்பவர் 1932-லேயே எழுதிவிட்டார்.

கடையில் கிடைப்பது வெள்ளைப் பொடி. அதை அப்படியே தொட்டியில் தூவுவது காசைத் தூவுவதுதான் என்பது என் கருத்து. அரசின் மாடித்தோட்டத் தொகுப்பில் விதை, தென்னை நார்க்கட்டி, வேப்பெண்ணெயோடு ட்ரைக்கோடெர்மா பொட்டலமும் வரும். அது சமையலறை ஜன்னலோரம் காலாவதியாகிக் கிடக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். பொடியில் இருப்பது உயிர்; அதற்குத் தீனி வேண்டும். அண்ணாச்சி மட்கிய சாணம் ஒன்பது பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். கேரளத்து மிளகுத் தோட்டங்களிலும் இதே கணக்குத்தான். 100 கிலோ கலவைக்கு 1 முதல் 2 கிலோ வரை பொடி. புதுச் சாணம் கூடாது, சூடேறிவிடும்.

ஈரம்தான் கைப்பக்குவம். "புடிச்சுப் பாரும்வே" என்று ஒரு கை அள்ளித் தந்தார். இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை நேரே விடுவதில்லை, திறந்த வாளியில் ஓர் இரவு நிற்கிறது. பிறகு நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடுகிறார்கள். நாலைந்து நாளில் குவியலின் மேல் முதலில் வெள்ளையாக, அப்புறம் பாசி நிறத்தில் பச்சை படர்கிறது. கிளறிவிட்டு மறுபடி மூடி, மூன்று நாள் கழித்துத்தான் பழைய மண்ணோடு கலக்கிறார்கள். பச்சைக்குப் பதில் கறுப்போ துர்நாற்றமோ வந்தால் குவியலைக் கழித்துவிடுகிறார்கள்.

இதில் ஆச்சிக்கும் அண்ணாச்சிக்கும் ஒரு தீராத வழக்கு உண்டு. ஆச்சி காலமெல்லாம் அடுப்புச் சாம்பல் போட்டுச் செடி வளர்த்தவர். அண்ணாச்சி இந்தக் கலவையில் சாம்பல் விழவிடுவதில்லை. லேசான புளிப்பு மண்ணில்தான் ட்ரைக்கோடெர்மா செழிக்கும், சாம்பல் காரம். "அப்ப எங்க வீட்டுப் பொடலங்கா காய்க்கலயா?" என்று ஆச்சி கேட்பார். காய்த்ததுதான். உப்புத் தண்ணீரால் ஏற்கெனவே காரமேறிய தொட்டி மண்ணில் மேலும் சாம்பல் வேண்டாம் என்பதில் நான் அண்ணாச்சி பக்கம்.

வேர் உட்பூசணம் என்ற இன்னொரு பொட்டலமும் இருக்கிறது. அது வேருக்குள்ளேயே குடியிருந்து, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுப்பது. உயிருள்ள வேர் இல்லாமல் அது வளராது. எனவே குவியலில் கலப்பதில்லை. நாற்றை நடும்போது குழியில், வேரில் படும்படி இளம்பெண் ஒரு சிட்டிகை வைக்கிறாள். மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்ட தொட்டியில் செடிக்கு அதன் தயவு தேவைப்படாது, உறவு ஒட்டாது. முட்டைக்கோஸ், முள்ளங்கி போன்ற கடுகுக் குடும்பத்துக்கு அடியோடு வேண்டாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு இந்தப் பகுதிக்குள் புகுந்தபோது தொட்டிகளின் மேல் வண்டல் படிந்தது. நல்ல மண்தானே என்று நினைப்போம். காய்ந்ததும் அது ஓடாக இறுகிக் காற்றை அடைத்துவிட்டதாம். காற்றில்லாத இடத்தில் இந்தப் பூசணங்களும் வேலை செய்யாது. ஓட்டைப் பெயர்த்துப் பொடித்துச் சலித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்தார்கள்.

இத்தனைக்கும் பதில் புது மண் வாங்கலாமே என்று கேட்கலாம். புது மண் எங்கிருந்தோ தோண்டப்படுவது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராகக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு வழக்காடி, 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை பெற வேண்டியிருந்த ஊர் இது. சல்லடைக்குப் பிழைத்த மண்ணைத் திரும்பப் புழங்குவதற்கு இதைவிட வேறு நியாயம் எனக்குத் தேவையில்லை.

நான் இருந்தபோதே ஒருவர் ஸ்கூட்டரில் வந்து மூட்டை விலை கேட்டார். பழைய மண் என்று தெரிந்ததும் பாதி விலைக்குப் பேரம் தொடங்கினார். பொடிக்கும் புண்ணாக்குக்கும் விலை சொன்ன அண்ணாச்சி, சலித்த கூலியைச் சொல்லவில்லை. "எங்க கூலியையும் சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் இளம்பெண், மம்பட்டியைக் கீழே வைக்காமலே. அவர் சேர்த்துச் சொன்னார். ஸ்கூட்டர்காரர் கொஞ்சம் யோசித்து, இரண்டு மூட்டை கேட்டவர் ஒன்று மட்டும் வாங்கிப் போனார்.