பலாச்சுளையும் ஏழு கப்பலும்

மாதம் ஒரு துப்பறியும் நாவல், ஒரு மாயாஜாலக் கதை என்று எனக்கும் அக்கா மகளுக்கும் ஓர் ஏற்பாடு. நான் கொடுப்பதை அவள் படிக்க வேண்டும், அவள் கொடுப்பதை நான். மாதக் கடைசி ஞாயிறு ஸ்கூடாயில் அக்கா வீட்டில் சாப்பாடு. கை கழுவியதும் வழக்கு ஆரம்பிக்கும். அவள் நான்காம் படிவம். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவள் என்பதால் ராஜேஷ்குமாரை எழுத்துக் கூட்டாமல் படித்துவிடுவாள். ஆனால் அவளாகத் தேடி வாங்குவதெல்லாம் ஆங்கிலம்தான். எல்லா அட்டையிலும் ஒரு கிரீடம், ஒரு கத்தி, தப்பினால் ஒரு டிராகன் வால். நடுவில் எதையாவது வெறித்துப் பார்த்துக்கொண்டு ஒரு பெண். போன மாதம் படித்ததையும் இந்த மாதம் படித்ததையும் அட்டையை வைத்து என்னால் பிரித்தறிய முடியவில்லை.

என் தலைமுறைக்கு மர்மம் என்பதே மாத நாவல்தான். ஜோகூர் பாருவில் பூக்கடையும் மளிகையும் நெருக்கியடிக்கும் ஜாலான் உங்கு புவான் பக்கம் போனால், அம்மா வெற்றிலை வாங்கும் நேரத்தில் அப்பா ஒரு க்ரைம் நாவலைக் கையில் எடுத்திருப்பார். சாணித்தாள், நடுவில் இரண்டு பின், அட்டையில் அலறும் பெண், பின்னட்டையில் அடுத்த மாத நாவலின் விளம்பரம். அந்த ஒரு பிரதி நாலைந்து வீடு சுற்றிவிட்டுத்தான் பழைய பேப்பர்காரரிடம் போகும். சுற்றில் யாரோ ஒரு புண்ணியவான், கொலைகாரன் முதலில் தலைகாட்டும் இடத்திலேயே பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பார். அது யார் என்று கடைசிவரை எங்களால் துப்பறிய முடியவில்லை.

விவேக்–ரூபலா, பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜயந்தி என்று ஜோடி ஜோடியாகத் துப்பறிந்த காலம் அது. 1500 நாவல்களுக்கு மேல் எழுதிக் குவித்த ராஜேஷ்குமாருக்கு ஒரு தனி வித்தை உண்டு. ஓர் அத்தியாயம் கோவையில் ஒரு கல்யாண வீடு, அடுத்தது வேறெங்கோ ஓர் ஆஸ்பத்திரி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இரண்டும் மாறி மாறி ஓடி, கடைசியில் ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். இந்த மாதம் பழைய கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நானும் திரும்பப் படித்தேன், அவளுக்கும் கொடுத்தேன். முதல் பாதி இன்றைக்கும் கீழே வைக்க விடவில்லை. சிங்கப்பூர் போகும் பாலத்தில் ஜாம் பிடித்து, உட்லண்ட்ஸ் போய்ச் சேரும்வரை அரை மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, பஸ்ஸில் நின்றபடியே படிக்க இதைவிடத் தோதான எழுத்து இல்லை. முடிவில்தான் இடிக்கிறது. அவள் சொன்னது: “நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு மாமா. கடைசி நாலு பக்கத்துல விவேக் வந்து பாடம் நடத்துறாரு.”

சரி, பாடம் நடத்தாத ஒன்றைத் தருகிறேன் என்று சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தை நீட்டினேன். 1981-இல் குமுதத்தில் தொடராக வந்தது. நடப்பது பேய் வேலையா, விஞ்ஞானமா என்ற கேள்வியை வக்கீல்கள் கணேஷுக்கும் வசந்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, சுஜாதா ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார். ஹாலோகிராம் என்ற சொல்லையே நம்மில் பலர் அதில்தான் முதலில் படித்தோம். இன்றைய பிள்ளைக்கு அது பழைய சமாச்சாரம். ஆனால் கடைசிப் பக்கத்தைப் படித்ததும் முன்பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தாள். அந்தப் புரட்டல்தான் நான் பார்க்க விரும்பியது.

அவள் எனக்குக் கொடுத்தது ஹன்னா அல்காஃப் 2020-இல் எழுதிய ‘தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்’. சூனியக்காரப் பாட்டியிடமிருந்து பேத்தி சுராயாவுக்குச் சொத்தாக ஒரு பெலெசிட் வருகிறது. பெலெசிட் என்றால் நம் கம்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. வெட்டுக்கிளி வடிவில் வந்து, எஜமான் சொன்ன ஆளைப் பிடிக்கும் ஏவல் பேய். பேத்தி அதற்குப் ‘பிங்க்’ என்று செல்லப்பெயர் வைத்துவிடுகிறாள். லண்டன் ரயில் நிலையச் சுவருக்குள் புகுந்து போக வேண்டியதில்லை, மந்திரம் நம் வாழைத்தோப்பிலேயே இருக்கிறது என்று அந்தப் புத்தகம் அலட்டாமல் சொல்கிறது. அதே ஆசிரியை 2022-இல் எழுதிய ‘குவீன் ஆஃப் தி டைல்ஸ்’ ஒரு ஸ்கிராபிள் போட்டியில் விழும் சாவைப் பற்றிய த்ரில்லர். அதையும் ஒரே மூச்சில் முடித்தேன். நன்றாகவே இருக்கிறது.

அவளுடைய மற்ற புத்தகங்களோடுதான் எனக்குச் சண்டை. கதாநாயகிக்குப் பதினாறு வயது ஆகும். தான் ஒரு சாதாரணப் பெண் இல்லை, ஏதோ ராஜவம்சம், ஏதோ தேவரத்தம் என்று தெரியவரும். அன்று சாயங்காலமே விரல் நுனியில் நெருப்பு வந்துவிடும். வம்சத்தில் பிறந்ததற்கு ஒரு சக்தியா? பிறப்பை வைத்து ஆளை உயர்த்தும் பழக்கத்தில் நாம் ஏற்கெனவே தேர்ந்தவர்கள், அதைச் சொல்லித்தர டிராகன் வரவேண்டாம். சக்திக்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்று கேட்டால் முக்கால்வாசிப் புத்தகங்களிடம் பதில் இல்லை.

விலை கொடுத்தவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் இதே ஜோகூர்க்காரன். பழைய மலாய் நூலான செஜாரா மெலாயுவில் வரும் பாடாங். சாயோங் பக்கத்துப் பண்ணையில் காடு வெட்டும் அடிமை. ஆற்றில் மீனுக்குக் கண்ணி வைக்கிறான். காலையில் போய்ப் பார்த்தால் முள்ளும் செதிலும்தான் மிச்சம். மறைந்திருந்து பார்க்கிறான். சடைமுடியும் நெருப்புக் கண்ணும் தொப்புள்வரை தாடியுமாக ஒரு பேய் வந்து மீனைத் தின்கிறது. பாய்ந்து தாடியைப் பிடித்துக்கொள்கிறான். விட்டுவிடு, கேட்டதைத் தருகிறேன் என்கிறது பேய்.

இந்த இடத்தில் அவன் போடும் கணக்கைப் பாருங்கள். செல்வம் கேட்டால் அது எஜமானுக்குத்தான் போகும், அடிமைக்குச் சொந்தமாக எதுவும் கிடையாது. ஆகவே பலம் கேட்கிறான், எஜமானின் காட்டை வெட்டுவதற்கு. சரி, நான் வாந்தி எடுப்பதைத் தின்னு என்கிறது பேய். பிடித்த தாடியை விடாமல் அவ்வளவையும் தின்கிறான். பிறகு பெரிய பெரிய மரங்களையெல்லாம் வேரோடு சாய்க்கிறான். எஜமான் அவனை விடுதலை செய்துவிடுகிறார்.

காட்டை அழித்து ரப்பர் நட்ட பாட்டனாரின் பேரன் நான். எஜமானுக்காக வெட்டும் காட்டுக்காகவே பேயிடம் பலம் கேட்டவனை வெறும் நீதிக்கதைப் பாத்திரமாக என்னால் படிக்க முடியவில்லை. அக்கா மகளுக்கு வாந்தி பெரிய விஷயமாகப் போய்விட்டது. “ச்சீ, இதையெல்லாம் யாரு மாமா படிப்பாங்க?” என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் புத்தகங்களில் யாருக்காவது சும்மா நெருப்பு வந்தால், “இவ ஒண்ணும் சாப்பிடல மாமா” என்று எனக்குச் செய்தி அனுப்புகிறாள்.

அந்த செஜாரா மெலாயுவே 1612-இல் ஜோகூர் ஆற்றங்கரை அரசில் பெண்டகாரா, அதாவது முதன்மை அமைச்சர், துன் ஸ்ரீ லானாங்கின் கையால் உருப்பெற்றதாகச் சொல்லப்படும் நூல். 2001-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பள்ளியில் வரலாற்றுப் பாடத்துக்கு மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும் பெயராகத்தான் பிள்ளைகளுக்கு அது தெரியும். அதைக் கதையாகப் படிக்கச் சொன்னவர்கள் எனக்கும் யாரும் இல்லை.

மாயாஜாலம் இப்படி என்றால், த்ரில்லருக்குக் கோத்தா திங்கி. ஜோகூர் பாருவிலிருந்து வடகிழக்கே 40 கிலோமீட்டர். அருவிக்குப் போகிறவர்கள் கம்போங் மாக்காம் என்ற பெயர்ப்பலகையைத் தாண்டித்தான் போகிறார்கள். அங்கே அடங்கியிருப்பவர் சுல்தான் மாமுட் ஷா, 1699-இல் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பல்லக்கில் போகும்போது குத்திக் கொல்லப்பட்டவர். இருபத்து நாலு வயதுதான் இருக்கும். ஊர் சொல்லும் கதை இது: தளபதி மெகாட் ஸ்ரீ ராமா கடற்கொள்ளையரை அடக்கப் போயிருக்கிறான். அவன் மனைவி டாங் அனும் நிறைமாதக் கர்ப்பிணி. அரண்மனைக்குப் போகும் பலாப்பழத்தைப் பார்த்து மசக்கையில் ஒரு சுளை கேட்டு வாங்கித் தின்கிறாள். என் பழத்தைத் தின்றது நீயா, உன் பிள்ளையா என்று சுல்தான் அவள் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறார். திரும்பி வந்த தளபதி பழி தீர்க்கிறான். சாகும் சுல்தான் எறிந்த கிரிஸ் அவன் காலில் தைக்கிறது, கூடவே ஒரு சாபமும்.

“சுல்தானைக் கொன்னது யாருன்னு பாட்டிக்குக்கூடத் தெரியும். இதுல என்ன மாமா மர்மம்?”

கொன்றவனைத் தெரியும்தான். பத்து வருஷம் க்ரைம் நாவல் படித்தவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: நாற்காலி யாருக்குப் போனது? பெண்டகாரா அப்துல் ஜாலிலுக்கு. மலாக்கா வம்சத்தின் வாரிசு இல்லாமல் சுல்தான் இறக்க, முதன்மை அமைச்சர் அரியணை ஏறுகிறார். லெனார்டு ஆண்டாயா 1975-இல் ஜோகூர் அரசைப் பற்றி வெளியிட்ட நூலில், இது ஒரு தனி ஆளின் வஞ்சம் அல்ல, பிரமுகர்கள் கூடி எடுத்த முடிவு என்ற பக்கம்தான் சாய்கிறார். கொல்லப்பட்டவர் நல்லவரும் அல்ல. 1695-இல் ஜோகூர் வந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக் கடல் வணிகன் அவருக்கு ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கி பரிசளித்திருக்கிறான். மறுநாள் அவர் அதைத் தெருவில் போன ஓர் ஏழை மேல் சுட்டுச் சோதித்துப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறான்.

அப்படியானால் பலாச்சுளை உண்மையா, பிறகு சேர்த்த காரணமா? ராஜாவைக் கொல்வது பெரும் துரோகம் என்று நம்பிய சமூகத்துக்கு, கொலையை நியாயப்படுத்த ஒரு கர்ப்பிணியின் வயிறு தேவைப்பட்டதா? டாங் அனும் கட்டுக்கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தச் சுல்தானின் சுபாவத்துக்கு அது பொருந்தாத செயலும் இல்லை. ஆனால் ஒரு கணவனின் கோபம் பிரமுகர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இரண்டாம் பாகமும் உண்டு. 1718-இல் சியாக்கிலிருந்து ராஜா கெச்சில் என்பவர் படையோடு வந்து, நான் செத்துப்போன சுல்தானின் மகன், அவர் இறந்த பிறகு பிறந்தவன் என்று சொல்லி ஜோகூரைப் பிடிக்கிறார். 1721-இல் அப்துல் ஜாலில் பகாங்கில் கொல்லப்படுகிறார். ராஜேஷ்குமார்கூட இப்படி ஒரு வாரிசைக் கொண்டுவந்தால் நான் நம்பாமல் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

நம் ஆட்கள் இந்தக் கதைகளில் எங்கே என்று தேடினால், நடுவிலேயே இருக்கிறார்கள். செஜாரா மெலாயுவின் ஆரம்பத்தில் கலிங்க நாட்டு ராஜா சூரன் படையெடுத்து வந்து, ஜோகூர் ஆற்றின் மேல்கரையில் கருங்கல் கோட்டை கட்டி ஆண்ட லெங்கியூ மன்னனைக் கொன்று அவன் மகளை மணக்கிறான். 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட நினைவின் நிழல் இது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பிறகு சூரன் சீனாவைப் பிடிக்க, இன்றைய சிங்கப்பூரான துமாசிக்வரை வருகிறான். சீனர்கள் ஒரு கப்பல் நிறையத் துருப்பிடித்த ஊசிகளையும் பல் விழுந்த கிழவர்களையும் அனுப்புகிறார்கள். கிளம்பும்போது நாங்கள் சிறுபிள்ளைகள், இந்த ஊசிகள் கை மொத்த இரும்புத் தடிகள், வந்து சேர்வதற்குள் இப்படி ஆகிவிட்டோம் என்கிறார்கள் கிழவர்கள். படை திரும்பிவிடுகிறது. சூரன் கண்ணாடிப் பெட்டியில் கடலுக்குள் இறங்கி அங்கே ஓர் இளவரசியையும் கட்டிக்கொள்கிறான். அந்தக் கருங்கல் கோட்டை ஜோகூர்க் காட்டுக்குள் இருக்கிறது என்று 2005-இல் ராய்மி சே-ரோஸ் என்ற ஆய்வாளர் சொல்ல, கோத்தா கெலாங்கி என்ற பெயர் பத்திரிகைகளில் அமர்க்களப்பட்டது. அடுத்த ஆண்டே அப்படி ஒரு நகரம் இல்லை என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள்.

மலேசியத் தமிழில் சிறுவர் மர்ம நாவல் இல்லாமல் இல்லை. கெடாவின் கே. பாலமுருகன் எழுதிய ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ அக்கா வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஜோகூர் ஆற்றையும் கருங்கல் கோட்டையையும் பலாச்சுளையையும் வைத்துத் தமிழில் ஓர் இளையோர் நாவல் என் கைக்கு இன்னும் வரவில்லை. வந்தால் அந்த மாதம் அவள் கொடுக்கும் டிராகனை நான் குறைசொல்லாமல் படிக்கத் தயார்.

அவளிடம் இந்த ஞாயிறு பாடாங்கின் மிச்சக் கதையையும் சொன்னேன். விடுதலைக்குப் பிறகு சிங்கப்பூர் ராஜாவின் வீரனாகிவிட்ட அவன் புகழ் கடல் தாண்ட, கலிங்க ராஜா தன் மல்லன் நாடி விஜய விக்கிரமனை ஏழு கப்பல் சரக்கோடு சிங்கப்பூருக்கு அனுப்புகிறார். தோற்றால் ஏழு கப்பலும் உங்களுக்கு என்று பந்தயம். அரண்மனை முன் கிடந்த பாறையை நம் ஆள் முழங்கால்வரைதான் தூக்குகிறான். பாடாங் அதை ஆற்றின் முகத்துவாரத்துக்கே வீசிவிடுகிறான். சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் எழுத்து வெட்டிய பாறை ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1843-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எழுத்தை இன்றுவரை யாரும் படிக்கவில்லை. பாடாங் இறந்தபோது தோற்ற கலிங்க ராஜாவே அவன் கல்லறைக்குக் கல் அனுப்பினார் என்று கதை முடிகிறது.

பாறை, எழுத்து, கல்லறை எதையும் அவள் கேட்கவில்லை.

“ஏழு கப்பலையும் குடுத்துட்டாருன்னா, அந்த மல்லன் எதுல ஏறி ஊருக்குப் போனாரு மாமா?”

சோகத்தோடு திரும்பினான் என்றுதான் நூலில் இருக்கிறது என்றேன். சோகத்துல ஏறிப் போக முடியாதே என்று சொல்லிவிட்டுப் போனில் பழைய வரைபடம் தேட ஆரம்பித்துவிட்டாள். அடுத்த மாதத்துக்கு என் பங்கு நாவல் எது என்று இன்னும் முடிவாகவில்லை.