மூடிக்குள் இரண்டு எழுத்து

பழைய இங்கிலாந்து பாக்கெட் கடிகாரங்களில் இயந்திரத்தின் மேல் ஒரு பெயர் அலங்காரமாகச் செதுக்கியிருக்கும். பல சமயம் அது விற்றவரின் பெயர். வெள்ளி கேஸைச் செய்தவரைத் தேடணும்னா பின்மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கு நடக்கும் சிங்கம், ஆண்டுக்கு ஓர் எழுத்து. பக்கத்தில் இரண்டு முதலெழுத்துகள். அவ்வளவுதான் அந்த மனிதர்.

சில ஆண்டுகளாக ராத்திரிகளில் இந்த முதலெழுத்துகளின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரே எழுத்துகள் பலருக்கு உண்டு. அச்சின் விளிம்பு செவ்வகமா, நீள்வட்டமா என்பதுதான் ஆளைப் பிரித்துக் காட்டும். கோல்ட்ஸ்மித்ஸ் ஹால் பதிவேட்டில் அச்சோடு பெயரும் முகவரியும் தேதியும் இருக்கும். பிலிப் பிரீஸ்ட்லி இவற்றைத் திரட்டிப் புத்தகமாக்கியிருக்கிறார். 1710 முதல் 1811 வரையிலான வரிப் பதிவேடுகளில், ஒரு பையன் எவ்வளவு பணம் கட்டித் தொழில் பழகச் சேர்ந்தான் என்பது தெரியும்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 1851இல்தான் சரியான வயது, பிறந்த ஊர், உறவுமுறை எல்லாம் வருகின்றன. கிளர்க்கன்வெல் தெருக்களைப் படித்துக்கொண்டே போனால் கேஸ் செய்பவர், கீல் வைப்பவர், ஸ்பிரிங் பொருத்துபவர் என்று ஒரு கேஸே பல வீடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. முலாம் பூசுகிறவரும் அங்கே இருப்பார். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, பாதரசத்தைத் தீயில் ஆவியாக்கும் வேலை. அந்த ஆவியைத்தான் அவர் சுவாசித்தார்.

முத்திரை பட்டறை முதலாளிக்குத்தான். கூலியாளுக்கும் பழகுகிற பையனுக்கும் அது கிடையாது. மனைவிக்கும் இல்லை, கணக்கெடுப்பில் அவள் தொழிலுக்கான கட்டம் பெரும்பாலும் காலி. ஆனால் கணவன் செத்தபின் சில விதவைகள் தங்கள் பெயரிலேயே அச்சைப் பதிந்திருக்கிறார்கள். கையால் செய்தாளோ, ஆள் வைத்து நடத்தினாளோ, துக்கம் கேட்க வந்தவர்கள் போவதற்குள் ஒரு பட்டறையைக் கற்றுக்கொள்ள முடியுமா? அந்தக் காலிக் கட்டங்களை நான் இப்போது வேறு மாதிரி படிக்கிறேன்.

வெள்ளி, தங்கம் விலை ஏறும்போது கேஸைக் கழற்றி உருக்கிவிடுகிறார்கள். பெயர் போட்ட இயந்திரம் தப்பிவிடும். இரண்டு எழுத்துக்காரர்தான் உருகிப்போவார். வீட்டில் பழைய கடிகாரம் இருந்தால், விற்பதற்கு முன் உள்மூடியை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.