பாட்டனாரின் மடக்குக் கத்தி

என் மேசை இழுப்பறையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையினருக்கு வழங்கப்பட்ட வகையைச் சேர்ந்தது அது. கரிய பிடி, கயிறு கோப்பதற்கு ஓர் இரும்பு வளையம், கூர்முனையில்லாத அகன்ற அலகு ஒன்று, தகர டப்பா திறக்குங் கருவி ஒன்று, முதுகுப்புறத்தில் விரல் நீளத்தில் ஓர் இரும்பு முள். உலோகத்தின்மேல் சர்க்கார் உடைமையைக் குறிக்கும் அம்பு முத்திரையும் 1943 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன.

1945இல் யுத்தம் முடிவுற்றபின், சேனைக்கு வேண்டாது எஞ்சிய வண்டிகள், கூடாரங்கள், கருவிகள் முதலியவற்றைச் சர்க்கார் விற்றனர். அவை கைமாறிக் கைமாறி ஊர்ச் சந்தைகளையும் அடைந்தன. அவ்வாறு வந்த இக்கத்தியை என் பாட்டனார் திருநெல்வேலியில் வாங்கினார். 1950களில், 118 அடி வரை நீரைத் தேக்கும் மணிமுத்தாறு அணை கட்டப்பட்டபோது, அவர் அங்கே கயிற்று வேலை பார்த்தார். அறுந்த வடத்தின் புரிகளை முள்ளால் நெகிழ்த்தி, முனைகளை ஒன்றினுள் ஒன்று செலுத்திப் பின்னுவது அவர் தொழில். "அலகு அறுப்பதற்கு, முள் சேர்ப்பதற்கு, எனக்குச் சோறு போட்டது முள்ளே" என்பார்.

நான் கல்லூரியிற் பயின்ற காலத்தில், ஒரு பிசானப் பருவத்தில், கால்வாய் நீர் முறை பற்றி அண்டை வயலாரின் மகனோடு எனக்குச் சச்சரவு நேர்ந்தது. சொல் முற்றியது. அங்கே கட்டியிருந்த அவர்களுடைய மாடு மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. என் கையில் இக்கத்தி விரிந்திருந்ததை, பாட்டனார் என் மணிக்கட்டைப் பற்றிய பின்னரே நான் உணர்ந்தேன்.

அவர் வைது பேசவில்லை. கத்தியை வாங்கி, அலகின் முதுகை ஒரு விரலால் தள்ளினார், அது மடங்கிற்று. "ஏலே, இதற்குப் பூட்டுக் கிடையாது. குத்தியிருந்தால் முதலில் உன் விரல்தான் போயிருக்கும்" என்றார். அன்றிரவு முறைக் கணக்கை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். பிழை என்னுடையதே.

மறுநாள் விடியலில் பாட்டனார் என்னை அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துச் சென்றார். அறுந்த கயிற்றையும் கத்தியையும் என் மடியில் வைத்து, "பின்னு" என்றார். அலகைத் தொடாமல், முள்ளை மட்டும் விரித்தேன். இருமுறை பின்னல் நழுவிற்று. மூன்றாம் முறை நின்றது. என் பிழையையும் அப்பொழுதே கூறினேன். அவன் எனக்கு மறுமொழி சொல்லவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, மாட்டைக் கட்டினான்.

பாட்டனார் இன்றில்லை. அலகில் துருப் படிந்துவிட்டது. முள்ளுக்கு மட்டும் ஆண்டுதோறும் எண்ணெய் இடுகிறேன். அவனும் நானும் இன்றும் ஒரே மடையிலிருந்து நீர் பாய்ச்சுகிறோம்.