வெறுங்காலுடன் கிளாஸ்கோவில்

சென்ற மாதம் ஓர் இரவு, இஷா தொழுதுவிட்டு வந்து அமர்ந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. பேசியவன் நம் மகள் வயிற்றுப் பேரன். பன்னிரண்டு வயது. கால்பந்தில் வலது ஓரத்தில் ஓடுகிறவன். வெளியூர் விளையாட்டு விடுதியொன்றில் சேர்ந்து இருபத்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. "நன்னா, நான் வீட்டுக்கு வந்துரட்டுமா? அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்றான். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. நாளை பேசுவோம் என்று மட்டும் கூறி வைத்தோம்.

உடனே விடை சொல்லத் தயங்கியதற்குக் காரணம் உண்டு. நாமும் ஒரு காலத்தில் வலது ஓரத்தில் ஓடியவரே.

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் வழங்கும் திண்டுக்கல் பேகம்பூரில்தான் நாம் வளர்ந்தோம். அத்தா ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதினார்கள். தோலுக்குப் பெயர்பெற்ற ஊரில் நம் கூட்டத்துப் பிள்ளைகளுக்குக் காலணி கிடையாது. தைத்துத் தைத்து ஒரு பக்கம் புடைத்துப்போன பந்தை வெறுங்காலால் உதைப்போம். மஃரிபு பாங்கு ஒலித்ததும் ஆட்டம் முடியும். கால்விரல் நகம் பெயர்ந்தவன் அதை வீட்டில் மறைப்பதே பெரும்பாடு.

1968-இல் சென்னையில் ஓர் அணியில் ஆடிப் பார்க்க அழைப்பு வந்தது. நமக்கு வயது பதினெட்டு. பதினாறாம் நாள் ரயிலேறித் திரும்பிவிட்டோம். அங்கே எவரும் துன்புறுத்தவில்லை; சாப்பாட்டிலும் குறையில்லை. அந்தி சாயும்போது வீட்டு வாசல் கண்ணில் நிற்கும், அவ்வளவே. படியேறிய நம்மை அத்தா ஏறிட்டுப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்கள். பந்தைப் பற்றிப் பின்னர் ஒரு நாளும் பேசவில்லை. அந்த மௌனத்தை நெடுங்காலம் ஏச்சாகவே எண்ணியிருந்தோம்.

பல ஆண்டுகள் கழித்து, கல்கத்தா முஹம்மது ஸலீமைப் பற்றி ஒரு கட்டுரையில் படித்தோம். அதிலிருந்த படத்தைக் கண்டதும் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செல்டிக் கழகத்தின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்திருக்கிறார். எதிரே அமர்ந்திருக்கும் இந்தியரின் பாதங்களுக்குத் துணி சுற்றிக் கட்டுகிறார். ஆண்டு 1936. ஆள்பவர் நாட்டில், ஆளப்படுகிறவரின் கால்! அந்தக் கால்களுக்குக் காலணி ஒவ்வாது, கட்டுத்துணியே போதும்.

ஸலீம் 1904-இல் பிறந்தவர். கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் வலது ஓர ஆட்டக்காரர். நம் காலத்து வழக்கில் 'ரைட் அவுட்'. 1934-இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவே. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அதையே வென்றது. ஓரத்தில் ஓடுபவனின் வேலை விசித்திரமானது. ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் எதிரி. இரண்டுக்கும் இடையே ஒரு முழ நிலம். அதற்குள் எதிரியை ஏமாற்றிக் கடந்து, பந்தை நடுவில் நிற்பவன் காலுக்கு அனுப்ப வேண்டும். கோல் அடித்த பெருமை நடுவில் நின்றவனுக்கே போகும். இந்த அநியாயத்தை இன்றும் நாம் மன்னிக்கவில்லை.

பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடிற்று. அந்தச் சமயத்தில் ஹஷீம் என்ற உறவினர் ஸலீமைக் கப்பலேற்றிக் கிளாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். செல்டிக்கின் மேலாளர் வில்லி மேலியைக் கண்டு, ஒரே ஒரு சிக்கல், இவர் வெறுங்காலில் ஆடுபவர் என்றார். மேலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஆடிக்காட்ட ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். செல்டிக்கின் இரண்டாம் அணி ஹாமில்டனை 5-1 என்றும், கால்ஸ்டனை 7-1 என்றும் வென்றது. இரண்டிலும் ஸலீம் ஆடினார். அவ்வூர் ஏடு அவரை 'இந்திய வித்தைக்காரர்' என்று எழுதிற்று.

சில மாதங்களுக்குள் ஊர் நினைவு அவரை வாட்டியது. இருந்துவிடுமாறு செல்டிக் வேண்டியும் அவர் இசையவில்லை. அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி, அதன் வசூலில் ஒரு பங்கு தர முன்வந்தனர். அதை உள்ளூர் அனாதைப் பிள்ளைகளுக்கு வழங்கச் சொல்லிவிட்டுக் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

ஸலீம் 1980-இல் மர்ஹூமானார். அவர் நோயுற்றிருந்தபோது மகன் ரஷீத், சிகிச்சைக்கு உதவி கேட்டு செல்டிக்கிற்குக் கடிதம் எழுதினார். நூறு பவுண்டு வரைவோலை வந்தது. மகனுக்குப் பணம் நோக்கமன்று. தந்தையின் பெயர் அங்கே இன்னும் நினைவில் இருக்கிறதா என்று அறியவே எழுதினாராம். அந்த ஓலையை அவர் மாற்றாமலே வைத்துக்கொண்டார்.

அங்கேயே தங்கியிருந்தால் ஸலீம் எவ்வளவோ உயர்ந்திருப்பார் என்று அங்கலாய்ப்பவர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. முப்பத்திரண்டு வயதில், தன் கால்களால் இயன்றதை அந்த மண்ணில் காட்டிவிட்டு, விருப்பப்பட்டு வீடு திரும்பியவர் அவர். இதைப் படித்த முதல் நாள், நம் சென்னைப் பயணத்துக்கும் ஒரு துணை கிடைத்ததென்று மகிழ்ந்தோம். மறுநாளே அந்த மகிழ்ச்சி கரைந்தது. ஸலீம் ஆடிவிட்டுத் திரும்பினார். நாம் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினோம். ஏக்கம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் நாம் அதற்குப் பின்னே வேறொன்றையும் ஒளித்திருந்தோம். சென்னைப் பையன்கள் நம்மைவிட வேகமாக ஓடினார்கள். இதை அத்தாவிடம் சொன்னதே இல்லை. அவர்கள் கண்டுகொண்டிருக்கக் கூடும்.

மறுநாள் பேரனை அழைத்து, அவன் கேட்காத ஒன்றைக் கேட்டோம்: "மத்த பிள்ளைங்க உன்னைவிட நல்லா ஆடுறாங்களா?" நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமா நன்னா" என்றான். நாமும் அப்படித்தான் ஓடிவந்தோம் என்று அவனிடம் சொன்னோம். பிறரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் முறை. முதல் பந்தயம் வரை இரு. அதன் பிறகும் வர வேண்டுமென்று தோன்றினால் நன்னாவே வந்து கூட்டிப்போகிறேன், ஏனென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றோம்.

வரும் ஞாயிறு பந்தயம். சனிக்கிழமை இரவுப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. ஸலீமின் படத்தையும் பெட்டியில் வைத்திருக்கிறோம். திரும்பி வரும்போது ஒரு சீட்டா இரண்டா என்பது தெரியாது. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.