13 ஜி.பி. அப்பா

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது லீவு லெட்டரை நீட்டினால், மேனேஜர் கையெழுத்துப் போட்டபடியே, "எதுக்கும் லேப்டாப்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க" என்பார். அந்த 'எதுக்கும்' இருக்கிறதே… ரயில் காட்பாடி தாண்டுவதற்குள் போனில் வந்துவிடும்! லேப்டாப்போடு போவதற்குப் பெயர் லீவு அல்ல ஸார், பிராஞ்ச் மாற்றல்.

ஆகவே, சென்ற நவம்பரில் வெண்ணந்தூரிலிருந்து பதினோரு பேர் காசிக்குக் கிளம்பியபோது லேப்டாப் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அப்பா, அம்மா, மாமா, அத்தை, சித்தப்பா பையன் என்று ஒரு பட்டாளம். ஆட்டையாம்பட்டி கைமுறுக்கு மட்டும் தனியாக ஒரு டின். வீடியோ இலாகா என்னிடம். "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கறவனாச்சே" என்று காரணம் சொன்னார்கள். நான் பார்ப்பது அக்கவுண்ட்ஸ். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

இலாகாவை ஏற்றுக்கொண்டதும் முதலில் கணக்குப் போட்டேன். (அக்கவுண்ட்ஸ் புத்தி!) என் போனில் 4கே என்று வைத்து வீடியோ எடுத்தால் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 350 எம்.பி. தின்கிறது. போனில் மொத்தம் 128 ஜி.பி. அதில் போனுக்கே வேண்டியது, அத்தை அனுப்பிய குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் எல்லாம் போக மிச்சம் 70. ஆக, மொத்தமே 200 நிமிஷம். எட்டு நாள் யாத்திரைக்கு இது யானைப்பசிக்குச் சோளப்பொரி.

"எல்லாம் மேலே ஏத்திடலாம்ணா, கிளவுடு இருக்குதுல்ல?" என்றான் சித்தப்பா பையன். எதற்கெடுத்தாலும் மேலே கையைக் காட்டுகிற தலைமுறை. கூகுளில் போட்டோவை அளவில்லாமல் இலவசமாக ஏற்றிய காலம் 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்துபோனது. இப்போது இலவசம் 15 ஜி.பி. அதிலும் மெயில், போட்டோ, ஃபைல் மூன்றும் ஒரே கூரைக்குள் ஒண்டுக்குடித்தனம். சரி, காசு கொடுத்து இடம் வாங்குகிறோம் என்றே வையுங்கள். ஏற்ற வேண்டாமா? நொடிக்கு 5 மெகாபிட் வேகம் கிடைத்தால் 13 ஜி.பி. ஏறுவதற்கு ஏறக்குறைய 6 மணி நேரம். அதுவும் கரண்ட் போகாமல், லாட்ஜில் இருக்கிற மற்ற நாற்பது பேரும் படம் பார்க்காமல் இருந்தால்! தினம் 2 ஜி.பி. தருகிற ரீசார்ஜை நம்பினால் ஒரு வாரம். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படத்தைப் பிழிந்து சக்கையைத்தான் கொடுக்கும். டாக்குமென்ட் என்று அனுப்பினால் பிழியாது. ஆனால் 2 ஜி.பி.க்கு மேல் வாங்காது.

எனவே சேலத்தில் இறங்கி, ஒரு பக்கம் போனில் சொருகுகிற டைப் சி முனையும் மறுபக்கம் சாதாரண யு.எஸ்.பி. முனையும் உள்ள பென் டிரைவ் இரண்டு வாங்கினேன். தலைக்கு 128 ஜி.பி. லேப்டாப் எதற்கு? போனே நேராக பென் டிரைவுக்கு எழுதும். பழைய போனாக இருந்தால் ஓ.டி.ஜி. கேபிள் என்று ஒரு சாண் வால் வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் பெரிய ஹார்ட் டிஸ்க்கைக் காட்டி ஆசை மூட்டினார். உள்ளே தட்டு சுற்றுகிற ரகம் அது. அதைச் சுற்ற வைக்கிற அளவுக்குக் கரண்ட் கொடுக்கப் பல போன்களுக்குத் தெம்பு கிடையாது. தட்டு சுற்றாத எஸ்.எஸ்.டி. என்றால் தேவலை, விலைதான் கொஞ்சம் சுற்ற வைக்கும்.

இன்னொரு சங்கதியை வீட்டிலேயே சோதித்துக்கொண்டேன். பழைய பென் டிரைவில் 64 ஜி.பி. காலியாகக் கிடக்கும், ஒரு வீடியோவைப் போட்டால் 'முடியாது' என்று முறைக்கும். கோளாறு இடத்தில் இல்லை, அது ஃபேட் 32 என்கிற பழைய முறையில் பத்தி பிரிக்கப்பட்டிருக்கும். அதில் தனி ஃபைல் ஒன்று 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் என்று மாற்றி ஃபார்மட் செய்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும். (ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். தங்கச்சி கல்யாண ஆல்பம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்!)

இப்படியெல்லாம் தயாராகிப் போனவனுக்கு நாலு நாள் கிடைத்தது என்ன? படித்துறை, படகு, மணியடிக்கிற ஆரத்தி, ரசகுல்லாவைப் பிழிந்து சாப்பிடுகிற மாமா. உலகத்தில் ஆயிரம் பேர் எடுத்த படம்தான். தொலைந்திருந்தால் மாமாவைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

ஐந்தாம் நாள் அப்பா, "கண்ணு, இங்க தறி போடற தெரு இருக்குதாம், போலாமா?" என்றார்.

அப்பா நெசவாளி. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக் குழித்தறியை மூடி, மேலே சிமென்ட் பூசி, விசைத்தறி போட்டபோது நான் டவுசர் போட்ட பையன். அந்தத் தறிச் சத்தத்தில்தான் பத்தாவது பரீட்சைக்குப் படித்தேன். இப்போது அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

மதன்புரா என்ற பகுதியில் சந்து சந்தாகப் புகுந்து ஒரு வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே குழித்தறி. அப்பா வயசுக்கு ஒரு பெரியவர் உட்கார்ந்து ஜரிகைப் புடவை நெய்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு ஹிந்தியில் 'பானி' தவிர வேறு தெரியாது. அப்பா குனிந்து பாவைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி, கட்டை விரலால் அளந்து காட்டி எதையோ கேட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே இரண்டு விரல் காட்டினார். அப்பா 'அடேயப்பா' என்று தலையாட்டினார். என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவர்கள் இருவருக்கும் தெரியும்.

நான் போனைத் தூக்கினேன்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. ஓட்டை போட்ட அட்டைகளைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எந்த இழை எழும்ப வேண்டும் என்று அந்த ஓட்டைதான் சொல்லும். 1800-களின் ஆரம்பத்தில் பிரான்ஸ்காரர் ஜக்கார்டு கொண்டுவந்த ஏற்பாடு. பின்னாளில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் நம்ம கம்ப்யூட்டரே தறி வீட்டுப் பிள்ளைதான்! அப்பா அட்டையைக் காட்டி, 'கிழிஞ்சா?' என்பது போலக் கையைப் பிய்த்துக் காட்டினார். பெரியவர் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, அந்த டிசைனைக் கட்டம் கட்டமாக வரைந்த காகிதத்தை எடுத்து வந்து விரித்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியாடா, ரெண்டாவது வச்சிருக்கான்" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். பெரியவர் எழுந்து, உட்காரச் சொல்லிக் கை காட்ட, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக் குழிக்குள் காலை விட்டார். எத்தனையோ வருஷம் கழித்து! கால் மிதியைத் தேடிக் கண்டுபிடித்தது. உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தார். ஏழு வயசில் தார் சுற்ற உட்கார்ந்தது, தெருவில் பாவு நீட்டுகிற நாளில் மழை வந்தால் வீட்டில் பெண்கள் அழுதது, தாத்தா ஒரு நாளும் அடிக்காமல், இழை அறுந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டியது… வீட்டில் ஒரு நாளும் இதையெல்லாம் சொன்னவர் இல்லை. கேட்டிருந்தால், "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப" என்றிருப்பார்.

தாத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. "தாத்தா எப்படிப்பா இருப்பாரு?" என்று காமிராவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "என்னை மாதிரிதான். கொஞ்சம் கறுப்பு. குரல் மட்டும் ரொம்ப மெதுவா இருக்கும்" என்றார்.

மொத்தம் 38 நிமிஷம். 13 ஜி.பி. சொச்சம்.

அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் மற்றவர்கள் முறுக்கு டின்னைச் சுற்றி உட்கார, நான் மூலையில் போனோடு உட்கார்ந்தேன். 'மூவ்' என்றும் 'காப்பி' என்றும் இரண்டு இருக்கும், தொட்டது 'காப்பி'. 'மூவ்' என்றால் இருக்கிற ஒன்றே இடம் மாறுகிறது. நடுவில் கை தட்டிவிட்டால் இங்கும் அரைகுறை, அங்கும் அரைகுறை. ஏழெட்டு நிமிஷத்தில் முடிந்தது. முடிந்ததும் பென் டிரைவில் இருப்பதையே திறந்து, கடைசி ஒரு நிமிஷத்தை ஓட்டிப் பார்த்தேன். பெயரும் சைஸும் சரியாகக் காட்டிவிட்டு உள்ளே படம் ஓடாத ஃபைல்கள் உண்டு. அப்புறம் 'ஈஜெக்ட்' கொடுத்துக் கழற்றினேன். இதே மாதிரி இரண்டாவது பென் டிரைவ்.

மூலையில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போகலாமே என்றார் மாமா. அங்கே சொருகினால் நம் வீடியோ அவர்களிடம் தங்கலாம், அவர்கள் வைரஸ் நம்மிடம் தங்கலாம். வேண்டாம் என்றேன்.

ஒன்று அம்மாவின் சுருக்குப் பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில். இரண்டாவது மாமாவிடம், அவர் இரண்டு நாள் முன்னதாகவே ஊர் திரும்ப வேண்டியிருந்தது. "எல்லாத்தையும் ஒரே பையில வச்சாத்தான் என்ன?" என்று கேட்டார். அந்தப் பையே தொலைந்தால் என்ன செய்வதாம்?

சித்தப்பா பையன் சிரித்துக்கொண்டிருந்தான். ஏழாம் நாள் காலை, படகில் செல்ஃபிக்குச் சாய்ந்தவன் கையிலிருந்து போன் நழுவி, 'ப்ளக்' என்று கங்கா ஸ்நானம் செய்தது, கரையேறவில்லை. "பரவால்லணா, மேல இருக்கு" என்றான். ஊருக்கு வந்து வேறு போனில் திறந்தால், மேலே இருந்தவை போட்டோக்கள் மட்டும். குட்டி குட்டி போட்டோக்கள் முதலில் ஏறிவிட்டன. வீடியோக்கள் வை-ஃபைக்காகக் கடைசி வரை வரிசையில் நின்றே போய்விட்டன. அதில் அவன் பாட்டி கங்கைக்கரையில் உட்கார்ந்து பாடியதும் இருந்தது. அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிதான், "போனாப் போவுது விடு சாமி, இன்னொருக்காப் பாடறேன்" என்றது. பாடவும் பாடியது. ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடும்போது பாதி வரி மறந்துபோயிருந்தது.

ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் சினிமாவே சாட்சி. முதல் தமிழ்ப் பேசும் படம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, 1931-ல் வந்த 'காளிதாஸ்', அதன் பிரதி இன்று கிடையாது. அதற்கு முன்னால் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் 'கீசக வதம்', அதுவும் கிடையாது. பழைய படங்களைக் காப்பாற்ற புனேயில் ஆவணக் காப்பகம் வந்தது 1964-ல். அதற்குள் எத்தனையோ படச்சுருள் மக்கிப் போனது, எரிந்து போனது. மிச்சத்தை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கினார்கள். எங்கள் பக்கத்துச் சேலமே வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போனது. எந்தக் கதாநாயகி எந்தக் கொலுசாக ஜல் ஜல்லென்று நடந்தாளோ!

வெள்ளைக்காரனும் தப்பவில்லை. 1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களை யாரோ ஒரு கட்டளையில் அழித்துவிட்டார்கள். பேக்கப் இருக்கிறதே என்று ஓடிப் பார்த்தால், அதுவும் சரியாக எடுக்கப்படாமல் கிடந்தது. யாரும் திறந்து பார்க்கவே இல்லை! கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற அம்மாவின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருகிற மாதிரி மெதுவாக ஓட்டி வந்தார்களாம். எங்கள் அம்மாவின் சுருக்குப் பையும் அந்த ஜாதிதான்.

இந்த ஜனவரியில் பொங்கல் முடிந்த மறுவாரம் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. சேலத்தில் பத்து நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது. பேச்சுதான் சரியாக வரவில்லை. பாதி வார்த்தை நாக்கிலேயே நின்றுவிடுகிறது. அம்மா மட்டும் எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறாள். எங்களுக்கு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது.

சாயங்காலம் டி.வி.யில் அந்த பென் டிரைவைச் சொருகுகிறோம். டி.வி.க்குள்ளே அப்பா கடகடவென்று பேசுகிறார். வெளியே அப்பா வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாத்தா பற்றிச் சொல்லும் இடம் வந்தால் மட்டும், கூடவே உதடு அசைகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா, "இதையே தினம் போட்டு, கூடவே சொல்லச் சொல்லுங்க, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் படத்தில் அப்பா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். திரையில் காசிப் பெரியவர் கட்டம் போட்ட காகிதத்தை விரித்தபடி நின்றார். அப்பா அவரைக் காட்டி என்னமோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்புறமும் புரியவில்லை. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "அந்தாளுக்கு ஒரு காப்பி அனுப்புனியான்னு கேக்கறாருடா" என்றாள்.

பெரியவருடைய பையன் எழுதிக்கொடுத்த விலாசம் என் பர்ஸில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு பென் டிரைவ் வாங்கி, காப்பி போட்டு, கடைசி நிமிஷத்தை ஓட்டிப் பார்த்து, திங்கட்கிழமை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியாயிற்று. கவருக்குள் அம்மா ஒரு விபூதிப் பொட்டலமும் வைத்துவிட்டாள். அவர்கள் முஸ்லிம்கள் என்றேன். "அதனால என்ன, காசிக்காரங்கதானே?" என்றாள்.